வலி நிவாரண பம்ப்: புற்றுநோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

இடுப்பெலும்பில் புற்று பரவியிருந்த ஒரு பெரியவர், நான் நர்ஸாக இருக்கும் வார்டுக்கு வந்தார். மாத்திரை விழுங்கினால் வாந்தி, புரண்டு படுத்தால் உயிர்போகும் வலி. அன்று மாலையே மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மருந்தை ஏற்றும் பம்ப்பை இணைத்தோம். பட்டனைக் கையில் கொடுத்து, "வலிச்சா இதை அமுக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நான் டியூட்டி முடிந்து கிளம்பினேன்.

காலையில் வந்து பம்ப்பின் கணக்கைப் பார்த்தால், பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டே தடவைதான் அழுத்தியிருந்தார். தலையணை உறை வியர்வையில் நனைந்து கிடந்தது. பட்டனை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தார்.

"ஏங்கய்யா, ராத்திரி வலிக்கலையா?"

"வலிக்காம என்னம்மா. மருந்து தீந்துபோச்சுன்னா, நெசமாவே வலி வர்றப்ப என்ன பண்றதுன்னு வச்சிருந்தேன்."

தப்பு என்னுடையது. "வலிச்சா அமுக்குங்க" என்ற ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கக் கூடாது. எவ்வளவு வலித்தால், எப்போது, எத்தனை தடவை, அழுத்தினால் உள்ளே என்ன நடக்கும் என்று உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து பம்ப் போடும் ஒவ்வொருவரிடமும், கூட இருப்பவர்களிடமும் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவை முடிவு செய்வது உங்கள் மருத்துவர். இதில் வரும் எண்கள் அவர் போடும் கணக்கை நீங்கள் புரிந்துகொள்வதற்காக மட்டுமே. இதைப் பார்த்து யாரும் பம்ப்பில் கை வைக்க வேண்டாம்.

முதலில், இந்த பம்ப் என்ன செய்கிறது

மருத்துவமனையில் இதைப் பி.சி.ஏ. பம்ப் என்பார்கள், அதாவது நோயாளியே கட்டுப்படுத்தும் வலி நிவாரண பம்ப். கையடக்கமான ஒரு பெட்டி. உள்ளே மருந்துப் பை அல்லது சிரிஞ்ச் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ரத்தக்குழாய்க்கோ தோலுக்கு அடியிலோ போகும். இன்னொரு வயரின் நுனியில் பட்டன். நோயாளி அழுத்தினால் முன்பே குறித்து வைத்த சிறிய அளவு மருந்து உள்ளே போகும்.

இந்த பம்ப் வருவதற்கு முன் எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. போட்டவுடன் மருந்து ஏறி நோயாளி சொக்கிப்போவார். இரண்டு மணி நேரம் நன்றாக இருக்கும். அப்புறம் மருந்து இறங்க இறங்க வலி ஏறும். அடுத்த ஊசிக்கு நேரம் ஆகவில்லை என்பார்கள். நேரம் ஆனாலும் பெல் அடித்து, நர்ஸ் வந்து, சாவி எடுத்து, அலமாரி திறந்து, பதிவேட்டில் எழுதி ஊசி போடுவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். வலியில் அரை மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

நோயாளி கேட்கும்போதெல்லாம் சின்னச் சின்ன அளவாகக் கொடுத்தால் என்ன என்று 1960-களின் கடைசியில் செய்து பார்த்தவர் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஃபிலிப் செக்ஸர். 1976-ல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் உருவான 'கார்டிஃப் பாலியேட்டர்' என்ற கருவிதான் முதலில் விற்பனைக்கு வந்தது. அன்று முதல் பெட்டி சிறியதாகிக்கொண்டே வந்திருக்கிறது. அடிப்படை யோசனை மட்டும் அப்படியே இருக்கிறது: எவ்வளவு வலிக்கிறது என்று வலிப்பவருக்குத்தான் தெரியும்.

யாருக்கு இது தேவை

புற்றுநோய் வலி என்றாலே பம்ப் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வகுத்த முறையிலிருந்து இன்றுவரை முதல் வழி வாய்வழிதான். வேளை தவறாமல், அளவு சரியாக மாத்திரை எடுத்தாலே பெரும்பாலானவர்களின் வலி அடங்கும். மாத்திரை போதும் என்ற நிலையில் பம்ப் கேட்டு அலைவது வீண் செலவு.

விழுங்க முடியாதவர்களுக்கும், வாந்தி நிற்காதவர்களுக்கும், குடல் அடைத்துக்கொண்டவர்களுக்கும் பம்ப் உண்மையிலேயே உதவும். கதிர்வீச்சாலோ எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையாலோ வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாமல் இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வலி திடீரென எல்லை மீறியவர்களுக்கு ஓரிரு நாளில் சரியான அளவைக் கண்டுபிடிக்கவும் பம்ப்பை வைப்பார்கள். படுத்திருக்கும்போது ஒன்றுமில்லை, அசைந்தால் மட்டும் உயிர் போகிறது என்பவர்களுக்கும் பட்டன் கைகொடுக்கும்.

பட்டனுக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு நோயாளிக்குப் புரிய வேண்டும், அழுத்த விரலில் தெம்பு வேண்டும். மனம் குழம்பியிருப்பவர்கள், அரை மயக்கத்தில் இருப்பவர்கள், மிகச் சிறிய குழந்தைகளுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்கு வேறு வழி பார்ப்பார்கள்.

இணைப்பதற்கு முன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

இதுவரை எடுத்துக்கொண்ட எல்லா வலி மாத்திரைகளையும் பையோடு கொண்டுவந்து மேஜையில் கொட்டுங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை மில்லிகிராம் மார்ஃபின் போனது என்பதை வைத்துத்தான் பம்ப்பின் கணக்கே தொடங்குகிறது. வேளைக்கு ஒன்று என்று எழுதியிருந்ததைப் பயந்து பாதியாக எடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். எழுதிய அளவை நம்பிக் கணக்குப் போட்டால் மருந்து அதிகமாகிவிடும்.

மார்ஃபினைப் போன்ற இன்னொரு வலி மருந்து ஃபென்டனைல். தோலில் ஒட்டும் ஃபென்டனைல் பேட்ச் பலருக்கு மறந்தே போகும். ஒருமுறை ஒரு அம்மாவைக் குளிப்பாட்டும்போது ரவிக்கைக்கு அடியில், தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு பேட்ச் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். வேறு ஊரில் ஒட்டியது, இங்கே யாரும் கேட்கவில்லை. பேட்சைப் பிய்த்துவிட்டாலும் தோலுக்கடியில் தேங்கிய மருந்து அரை நாளுக்கு மேல் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். அதன் மேல் பம்ப்பும் ஓடினால் ஆபத்து.

சிறுநீரகம் பழுதாகியிருந்தால் மார்ஃபினின் கழிவுப்பொருள்கள் உடம்பில் சேர்ந்து தூக்கத்தை ஆழமாக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஃபென்டனைல் கொடுப்பார்கள். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை, மதுப் பழக்கம், குறட்டையோடு நடுவில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி, இவற்றில் எது இருந்தாலும் சொல்லுங்கள். யாரும் உங்களைத் தப்பாக நினைக்கப் போவதில்லை.

பம்ப்பில் தெரியும் எண்கள்

நம் பெரியவரையே எடுத்துக்கொள்வோம். அவர் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 30 மி.கி. மார்ஃபின் மாத்திரை எடுத்தவர். ஆறு வேளைக்கு 180 மி.கி. வாய்வழியாகப் போகும் மார்ஃபினில் பெரும்பகுதியை ஈரல் வழியிலேயே அழித்துவிடும். ரத்தக்குழாயில் நேராக ஏற்றினால் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆக நாளுக்கு 60 மி.கி., மணிக்கு 2.5 மி.கி. இதுதான் பட்டனைத் தொடாவிட்டாலும் தானாக ஓடும் அளவு.

அதன் மேல் பட்டன் அளவு. ஏற்கெனவே மார்ஃபினுக்குப் பழகியவர்களுக்கு மணி அளவில் பாதியிலிருந்து முழு அளவுவரை ஒரு அழுத்தலுக்கு வைப்பது வழக்கம். அவருக்கு 2 மி.கி. வைத்தார்கள். இதுவரை மார்ஃபின் பக்கமே போகாதவர் என்றால் கதையே வேறு. தானாக ஓடும் அளவு பெரும்பாலும் இருக்காது, பட்டனுக்கு 1 மி.கி. போலத்தான் தொடங்குவார்கள்.

மூன்றாவது, பூட்டு நேரம். அவருக்கு 10 நிமிடம். ஒருமுறை மருந்து போனால் அடுத்த 10 நிமிடத்துக்கு எத்தனை தடவை அழுத்தினாலும் பம்ப் ஒரு சொட்டும் விடாது. முதலில் போன மருந்து வேலை செய்யத் தொடங்குவதற்கான இடைவெளி அது. இதுபோக, ஒரு மணி நேரத்தில் மொத்தம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று தனியாக ஒரு வரம்பும் வைப்பார்கள்.

பெரியவரின் பயத்துக்கு இந்த எண்களே பதில். பட்டன் மருந்து அளந்து வைத்த சொத்து கிடையாது, சேமித்து வைக்க. பை தீர்ந்தால் நாங்கள் அடுத்த பையை மாட்டுவோம். அதேபோல, "தெரியாம ரெண்டு தடவை அமுக்கிட்டேன் சிஸ்டர், ஏதாவது ஆயிடுமா" என்று நடுங்குபவர்களுக்கும் இதுவே பதில். பூட்டு நேரத்தில் அழுத்தினால் ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் அந்த வெற்று அழுத்தலும் எங்களுக்கு உதவும், எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் வீட்டாரும் கண் வைத்திருக்கலாம். மருந்துப் பை மாற்றும்போது ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்ற எண் பையிலும் பம்ப்பிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பையில் 5 என்றும் பம்ப்பில் 1 என்றும் இருந்தால் ஐந்து மடங்கு மருந்து போய்விடும். அதனால்தான் இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து சரிபார்க்கிறோம். "ரெண்டு பேரும் பார்த்துட்டீங்களா சிஸ்டர்?" என்று கேளுங்கள். நல்ல நர்ஸ் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

எப்போது அழுத்துவது

வலிக்கு பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் போடச் சொல்வோம். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் இதற்கு மேல் தாங்கவே முடியாது. எட்டு ஆகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். மூன்று, நான்கு என்று தலைகாட்டும்போதே அழுத்துங்கள். ஏறிவிட்ட வலியை இறக்க நாலு அழுத்தல் தேவைப்படும் இடத்தில், ஏறும்போதே ஒரு அழுத்தல் போதும்.

அழுத்தினால் பெரும்பாலான பம்ப்களில் ஒரு பீப் சத்தம் கேட்கும். ரத்தக்குழாயில் போகும் மார்ஃபின் ஐந்து, பத்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், முழு வீச்சுக்கு வர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். ஃபென்டனைல் அதைவிட வேகம். பூட்டு நேரம் முடிந்தும் வலி குறையவில்லையா, மறுபடி அழுத்துங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அசைந்தால் வலிப்பவர்கள் முன்கூட்டியே அழுத்தப் பழக வேண்டும். குளிப்பாட்டுவதற்கு, புண்ணுக்குக் கட்டு மாற்றுவதற்கு, கதிர்வீச்சு மேஜையில் ஏறுவதற்கு, கழிப்பறைக்கு நடப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு ஒரு அழுத்தல். பெரியவருக்கு இது பிடிபட்ட அன்றுதான் வார்டில் எங்களுக்கே ஒரு மாற்றம் தெரிந்தது. கட்டுத் தள்ளுவண்டி வராந்தாவில் உருளும் சத்தம் கேட்டதும் கட்டைவிரலை எடுத்து பட்டனில் வைப்பார். நான்கு கட்டில் தள்ளி ஆரம்பித்து அவரிடம் வரும்போது மருந்து பிடித்திருக்கும்.

வலிக்கு ஒரு பெயர் சொல்லுங்கள்

இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் கேட்காத வலிகள் உண்டு. "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் எங்களுக்கு அது எந்த வலி என்று தெரியாது. நம் மொழியில் வலிக்கு இருக்கும் சொற்கள் ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு துப்பு.

குடைச்சல், கடுப்பு என்றால் பெரும்பாலும் எலும்பு. இதற்கு மார்ஃபினோடு வீக்கம் குறைக்கும் மருந்தும், முடிந்தால் அந்த இடத்துக்குக் கதிர்வீச்சும் கொடுப்பார்கள். பல நாள் அலைய வேண்டியதில்லை, பலருக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே தவணை போதும். பலன் தெரியச் சில நாளிலிருந்து சில வாரம்வரை ஆகும், அதுவரை பம்ப் தாங்கும்.

எரிச்சல், சுளீர் என்று கரண்ட் அடித்த மாதிரி, ஊசி குத்திய மாதிரி, துணி பட்டாலே கூசுகிறது என்றால் நரம்பு. காபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை கூடச் சேர வேண்டும். அமிட்ரிப்டிலின் பெட்டியைக் கூகுளில் தேடிவிட்டு "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று நிறுத்திவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்த அளவில் அது நரம்பு வலிக்கான மருந்து.

வயிற்றைப் பிசைகிறது, விட்டு விட்டு முறுக்குகிறது என்றால் குடல் இழுத்துப் பிடிப்பது. அதற்கு வேறு ஊசி. மேல்வயிற்றிலிருந்து முதுகுக்கு ஊடுருவுகிறது என்று கணையப் புற்று உள்ளவர்கள் சொல்வார்கள். அங்கே நரம்புக் கற்றையையே மரத்துப்போகச் செய்யும் ஊசிமுறை ஒன்று உண்டு, கேளுங்கள்.

முதுகில் புதிதாக வலி வந்து, கால் துவண்டு, அல்லது சிறுநீர் போகாமல் நின்றால் பட்டனை அழுத்திக்கொண்டு காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குகிறது என்பதற்கான அறிகுறி அது. அன்றே, அந்த மணி நேரமே மருத்துவர் பார்த்தாக வேண்டும். தாமதித்தால் நடக்கும் திறனே திரும்பாமல் போகலாம்.

பட்டனை வேறு யாரும் தொடக் கூடாது

பாசத்தால் நடக்கும் விபத்து இது. அப்பா தூக்கத்தில் முகத்தைச் சுளிக்கிறார். பக்கத்தில் இருக்கும் மகளுக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாக ஒரு அழுத்து அழுத்துகிறாள். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று.

பம்ப்பில் எத்தனை பூட்டு இருந்தாலும் பெரிய பூட்டு நோயாளியின் விழிப்புதான். மருந்து அதிகமாகும்போது முதலில் வருவது தூக்கம். தூங்குகிறவர் அழுத்த மாட்டார். அழுத்தாவிட்டால் பட்டன் மருந்து ஏறாது. ரத்தத்தில் அளவு இறங்கும், விழிப்பு வரும். மூச்சு மந்தமாவது தூக்கத்துக்கு அப்புறம் வரும் கட்டம், அதுவரை போகாமல் உடம்பே தடுத்துக்கொள்கிறது. இன்னொருவர் விரல் உள்ளே நுழைந்தால் இந்தக் காவல் உடைந்துபோகிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகளின் தரத்தைப் பார்க்கும் கூட்டு ஆணையம் 2004-ல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பார்க்க வந்த உறவினர்கள் அழுத்தியதால் உயிர்களே போயிருக்கின்றன.

அதனால் மகள், மனைவி, மச்சான், வந்து போகும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே விதிதான். "அமுக்கணுமா அப்பா?" என்று கேட்கலாம், பட்டன் நழுவியிருந்தால் எடுத்துக் கையில் வைக்கலாம். அழுத்தக் கூடாது. குழந்தைகளுக்கும் விரல் அசைக்க முடியாதவர்களுக்கும் சில இடங்களில் நர்ஸையோ பயிற்சி கொடுத்த ஒரே ஒருவரையோ பெயர் எழுதி நியமிப்பார்கள். அது மருத்துவர் எழுதிக் கொடுப்பது, நாமாக எடுத்துக்கொள்வது கிடையாது.

தூக்கத்தையும் மூச்சையும் கவனிப்பது

பல இரவுகள் தூங்காதவருக்கு வலி அடங்கினால் முதல் ஒன்றிரண்டு நாள் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம் வரும். பயப்பட வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து பேசுகிறாரா, அது நல்ல தூக்கம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் நடுவில் சொக்கி விழுகிறார், தட்டி எழுப்பினாலும் மறுபடி போய்விடுகிறார் என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சை எண்ணுவது எளிது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நெஞ்சு எத்தனை தடவை எழும்பி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 10-க்குக் கீழே போனாலும், உதடு நீலம் பாரித்தாலும், கண்மணி குண்டூசித் தலை போலச் சுருங்கி ஆள் எழும்பவே இல்லை என்றாலும் அவசரம். பம்ப்பை நிறுத்தச் சொல்லி, பட்டனை எடுத்துவிட்டு, தோளைத் தட்டி "மூச்சு இழுத்து விடுங்க" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். ஆக்சிஜன் வரும், மார்ஃபினின் வேலையை முறிக்கும் நலாக்ஸோன் ஊசி வரும். அதை நாங்கள் கரைத்துச் சிறுகச் சிறுகப் போடுவோம், ஒரேயடியாகப் போட்டால் அடங்கியிருந்த வலி மொத்தமும் ஒரே நொடியில் திரும்பிவிடும். நலாக்ஸோனின் வேலை மார்ஃபினுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், எழுந்து பேசினாலும் அடுத்த சில மணி நேரம் கண்காணிப்பு விலகாது.

சரியான அளவில் ஓடும் பம்ப்பில் இது அபூர்வம். ஆனாலும் கூட இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மற்ற தொந்தரவுகள்

மலச்சிக்கல் வந்தே தீரும். குமட்டலும் தூக்கமும் சில நாளில் உடம்புக்குப் பழகிவிடும், மலச்சிக்கல் மட்டும் பழகவே பழகாது. அதனால் பம்ப் தொடங்கும் நாளிலேயே சென்னா, பிசகோடில் போன்ற பேதி மாத்திரை சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். வாழைப்பழமும் வெந்நீரும் மட்டும் போதாது. மூன்று நாள் போகவில்லை என்றால் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். குடல் அடைப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லாமல் பேதி மாத்திரை எடுக்கக் கூடாது.

குமட்டலுக்கு மருந்து உண்டு. அரிப்பு சிலருக்கு வரும். வாய் உலர்ந்தால் ஐஸ் துண்டு, ஈரத் துணி. கை கால் தூக்கிவாரிப்போட்ட மாதிரி வெட்டினால், இல்லாத ஆள் நிற்பது போலத் தெரிந்தால், மருந்து உடம்பில் தேங்குகிறது என்று பொருள். அளவைக் குறைப்பார்கள், அல்லது மருந்தையே மாற்றுவார்கள்.

தினமும் பார்க்க வேண்டிய கணக்கு

ஒவ்வொரு அழுத்தலையும் பம்ப் நினைவில் வைத்திருக்கும். எத்தனை தடவை அழுத்தினார், அதில் எத்தனைக்கு மருந்து போனது என்று இரண்டு எண்கள். 10-க்கு 9 என்றால் எல்லாம் சரி. 40-க்கு 12 என்றால் அவர் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார், ஒரு அழுத்தலின் அளவு போதவில்லை. இதற்குத்தான் வெற்று அழுத்தலும் உதவும் என்றேன். நாள் முழுக்க நிறைய அழுத்தி எல்லாம் போயிருந்தால், தானாக ஓடும் அளவைக் கூட்டுவார்கள். வலி எட்டு, அழுத்தியது இரண்டு என்றால் மருந்தைத் தொட வேண்டியதில்லை. உட்கார்ந்து பேச வேண்டும். பெரியவருக்கு அதுதான் தேவைப்பட்டது.

பயங்களைப் பற்றி

"மார்ஃபின்னா கடைசி கட்டமா சிஸ்டர்?" வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள், பெரும்பாலும் நோயாளிக்குக் கேட்காத தூரத்தில், வராந்தாவில் வைத்து. இல்லை. வலியின் அளவுக்கு மருந்து, ஆயுளின் அளவுக்கு இல்லை. மார்ஃபின் எடுத்துக்கொண்டே கீமோ முடித்து, வேலைக்குத் திரும்பி, அப்புறம் மார்ஃபினைப் படிப்படியாக நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

"அடிமையாகிவிடுவாரா?" வலிக்காக, மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பவர்களுக்கு அது அரிது. போதைக்கு அடிமையாக இருந்த முன்கதை உண்டென்றால் முன்பே சொல்லுங்கள், அவர்களுக்கும் வலி மருந்து மறுக்கப்படாது, கவனம் மட்டும் கூடும். பல வாரம் எடுத்த பிறகு சட்டென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வரும். உடம்பு பழகியதன் விளைவு அது, ரத்த அழுத்த மாத்திரையைக்கூடச் சட்டென நிறுத்தினால் உடம்பு முரண்டு பிடிக்கும் அல்லவா. அதனால் பம்ப்பையோ மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோனால், பம்ப் கிடைக்கவே இல்லை என்றால்

வீட்டில் பெரும்பாலும் தோலுக்கடியில் சிறிய ஊசி வைத்து ஓட்டுவார்கள். கை, வயிறு, தொடை, நெஞ்சின் மேல்பகுதி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த இடம் சிவந்தாலோ, கல் போலக் கெட்டியானாலோ, கசிந்தாலோ இடம் மாற்ற வேண்டும். அலாரம் அடித்தால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, கிளிப் மூடியிருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். மாற்று பேட்டரி எப்போதும் கைவசம் இருக்கட்டும். குழாயில் காற்று, மருந்து முடிந்தது என்று காட்டினால் நர்ஸுக்குப் போன் செய்யுங்கள். பெட்டியைத் திறக்க முயல வேண்டாம். தண்ணீரில் நனையக் கூடாது, எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகக் கூடாது. மருந்து மீந்தால் குப்பையில் போடாமல் மருத்துவமனையில் திருப்பிக் கொடுங்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

சரி, எல்லா ஊரிலும் இந்த பம்ப் இருக்கிறதா? இல்லை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு, மார்ஃபின் எடுக்கும் அபினிச் செடியைப் பயிரிட்டு அபினியை உலகத்துக்கே அனுப்பும் நாட்டில், வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் கிடைக்காத நிலை பல ஆண்டுகள் இருந்தது. 1985-ன் போதைப்பொருள் சட்டம் கேட்ட உரிமங்களுக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே விட்டன. கேரளத்தின் வலி நிவாரண மருத்துவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் விடாமல் போராடினார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு மார்ஃபின், ஃபென்டனைல், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்களில் வழி எளிதாக்கப்பட்டது. உங்கள் மருத்துவமனையில் இல்லை என்றால் "பக்கத்தில் எந்த மருத்துவமனைக்கு மார்ஃபின் அங்கீகாரம் இருக்கு?" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

பட்டன் வைத்த பம்ப் கிடைக்காவிட்டாலும் வலியோடு கிடக்க வேண்டியதில்லை. சாதாரண சிரிஞ்ச் பம்ப்பில் மருந்தை ஓடவிட்டு, இடையில் வரும் வலிக்கு ஊசி போடலாம். மாத்திரையிலும் இதே முறைதான்: வேளை மருந்து ஒன்று, இடையில் தலைகாட்டும் வலிக்கு நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு கூடுதல் மருந்து. மருத்துவர் எழுதும் சீட்டில் இந்த இரண்டாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எந்த மருந்துக்கும் அடங்காத சிலருக்குத் தண்டுவட நீரில் நேராக மருந்து விடும் பம்ப்பை வயிற்றுத் தோலுக்கடியில் புதைப்பார்கள். வாய்வழி அளவில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கே போதும், தூக்கமும் மலச்சிக்கலும் குறையும். ஆனால் செலவு பெரிது, பெரிய மையங்களில் மட்டுமே செய்கிறார்கள்.

பம்ப்பை எடுக்கும் நாள்

வாந்தி நின்று வாய்வழியாகச் சாப்பிட முடிந்தால் பம்ப்பிலிருந்து மாத்திரைக்குத் திரும்பலாம். கணக்கு அப்படியே தலைகீழ். பெரியவருக்குக் கடைசி 24 மணி நேரத்தில் தானாக ஓடியது 60 மி.கி., பத்து அழுத்தலில் போனது 20, மொத்தம் 80. மூன்றால் பெருக்கினால் வாய்வழிக்கு 240. ஆறு வேளைக்குப் பிரித்தால் 40. முதல் மாத்திரை கொடுத்தவுடன் பம்ப்பைக் கழற்றிவிட மாட்டோம், அது வயிற்றில் கரைந்து வேலையைத் தொடங்கும்வரை பம்ப் ஓடும்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து மாத்திரை போட வேண்டாம் என்பதற்காகப் படுக்கப்போகும் முன் இரட்டை அளவு கொடுப்பது வழக்கம். அவர் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு அட்டையில் வரிசையாக வரைந்து கொடுத்தேன்: காலை ஆறு மணிக்குச் சேவல், பத்து மணிக்குச் சூரியன், மதியம் இரண்டுக்குச் சோற்றுத் தட்டு, மாலை ஆறுக்கு விளக்கு, இரவு பத்துக்கு நிலா. நிலாவுக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு வட்டம். அட்டையை வாங்கி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "நிலாவுக்கு மட்டும் ரெண்டு" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் அட்டையின் கீழே வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டி, "நடுவுல வலி வந்தா போடுறதுக்கும் ஒண்ணு வரைஞ்சு குடும்மா" என்றார்.